ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்துவிட்டால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கரண்ட் நிலையாக நிற்காது. தென்னை மட்டை ஒன்று கம்பி மேல் விழுந்தால் போதும். அப்படிக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு சாயங்காலம், லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் என் கடைக்கு வந்தார். தோப்பு வேலை பார்ப்பவர், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பின்னால் அவருடைய மகள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"ஏனுங்க தம்பி, ஒரு கடையில காட்டினோம். ஃபார்மேட் போட்டாத்தான் ஆகும்னுட்டாங்க. பாப்பா எழுதி வச்சதெல்லாம் போயிருமுங்களா?"

லேப்டாப்பைத் திறந்தேன். நீலத் திரை. 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும் என்று கேட்டு நின்றது. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, உபுண்டு மட்டும் ஓப்பன் ஆகுது. விண்டோஸ்தான் வரமாட்டேங்குது."

அவள் சொன்ன அந்த ஒரு வரி எனக்குப் பாதி நோயைச் சொல்லிவிட்டது. விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் ஒரு வகை உபுண்டு. அது திறக்கிறது என்றால், கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி உயிரோடு இருக்கிறது. கீ கேட்கிறது என்றால் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனும், அதாவது டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த பகுதியும், இருக்கிறது, அதற்குள் இருப்பதும் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுச் சாவி தொலைந்ததற்காக யாரும் வீட்டை இடித்துக் கட்டுவதில்லை. ஆனால் லேப்டாப் விஷயத்தில் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். பூட் ஆகவில்லையா, அதாவது ஆன் செய்தும் எழவில்லையா, டிஸ்க்கை அழித்து ஃபார்மேட் போடு. போட்டோவும் பாடக் குறிப்பும் ப்ராஜெக்ட்டும் அதோடு போகின்றன. என் மேஜைக்கு வரும் பூட் கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் கோப்புகளுக்கு எதுவுமே ஆகியிருப்பதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில், பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது? மாடிக்குக் கான்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள் இல்லையா, பூட் ஆவதும் அப்படித்தான். மதர்போர்டில் ஒரு சிறிய சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல் முதலில் எழுகிறது. மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறது. அடுத்து, எந்த டிஸ்க்கில் எந்தப் பூட்லோடர் (விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பும் சிறு நிரல்) இருக்கிறது என்று தன் குறிப்பில் தேடி, அதைக் கூப்பிடுகிறது. பூட்லோடர், விண்டோஸின் அல்லது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எடுத்து மெமரியில் வைக்கிறது. கெர்னல், ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் டிரைவர் நிரல்களை எழுப்பி, டிஸ்க்கைத் திறந்து, கடைசியில் நமக்கு லாகின் திரையைக் காட்டுகிறது. இதில் ஒரு கை நழுவினால் அதற்குப் பின்னால் இருப்பவர் எல்லாரும் சும்மா நிற்பார்கள். நாம் பார்க்கும் கறுப்புத் திரையோ நீலத் திரையோ, எந்தக் கையில் சட்டி விழுந்தது என்பதற்கான அடையாளம். அந்தத் திரையில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வரும்போது அதைக் காட்டினாலே எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

பழைய கம்ப்யூட்டர்களில் இந்தக் கைமாற்று வேறு மாதிரி இருந்தது. 1980களின் ஐபிஎம் பி.சி.களில் பயாஸ் என்ற ஃபர்ம்வேர், ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது முதல் சிறு துண்டை மட்டும் படிக்கும். மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, மிச்சம் 2 பைட் முத்திரை. இவ்வளவு சின்ன இடத்தில்தான் முழு கம்ப்யூட்டரின் தலையெழுத்தும் இருந்தது. 4 பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் வைக்க முடியாது, 2 டெராபைட்டுக்கு மேல் டிஸ்க்கைக் கையாள முடியாது என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் அந்த 64 பைட்டின் நெருக்கடியிலிருந்து வந்தவை. விண்டோஸ் ஒருமுறை அந்தச் செக்டாரில் எழுதினால் லினக்ஸின் பூட்லோடர் அழியும், லினக்ஸ் எழுதினால் விண்டோஸுடையது அழியும். "லினக்ஸ் போட்டா விண்டோஸ் போயிரும்" என்ற பயம் அந்தக் காலத்தில் பிறந்தது. இன்னும் போகவில்லை.

இப்போது விற்கும் லேப்டாப்களில் இருப்பது யூஇஎஃப்ஐ என்ற புது வகை ஃபர்ம்வேர். பேச்சில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம். இன்டெல் தன் இட்டானியம் சர்வர்களுக்காக ஆரம்பித்த வேலை, 2005ல் பல நிறுவனங்கள் சேர்ந்த பொது அமைப்பின் கைக்கு மாறியது. இதில் பூட்லோடர் ஒளிந்து கிடக்கும் செக்டார் இல்லை. டிஸ்க்கில் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும். அதற்கு இஎஸ்பி என்று பெயர். விண்டோஸ் தானாகப் பிரிக்கும்போது பெரும்பாலும் 100 எம்பிதான் ஒதுக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், உபுண்டு என்று ஒரு ஃபோல்டர், பொதுவாக பூட் என்று ஒன்று. ஒரே வீட்டில் தனித்தனி அறை மாதிரி. மதர்போர்டு தன் சிறிய நினைவகத்தில் "விண்டோஸ் பூட் மேனேஜர் இந்த ஃபோல்டரில், உபுண்டு அந்த ஃபோல்டரில்" என்று விலாசம் எழுதி வைத்துக்கொள்ளும். பூட் ஆகவில்லை என்று வரும் லேப்டாப்களில் பலமுறை இந்த விலாசம்தான் காணாமல் போயிருக்கும். பயாஸ் அப்டேட் போட்டதும், செட்டிங்கை ரீசெட் செய்ததும் அந்த வரி அழிந்துவிடுவது உண்டு. வீடு அங்கேயேதான் இருக்கும்.

எங்கள் பகுதியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு ஓ.எஸ். (இயங்குதளம்) கேட்டு வருபவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்று கோயம்புத்தூர் நண்பர்கள் கேட்பார்கள். காரணம் பள்ளிக்கூடம். கேரளத்தில் 2001ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கச் சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. 2017ல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக ஆனது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்கள் தொகுத்த கைட் குனு லினக்ஸ்தான் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைகளில் ஓடுகிறது. சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் அதில்தான் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் சேர்த்துக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது அது. ஆக எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் அன்னியமான ஒன்று இல்லை. பத்தாம் வகுப்பு வரை அதில் பழகிவிட்டு, பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ கல்லூரிக்குப் போனதும் அங்கே விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கேட்பார்கள். கை பழகியது ஒன்று, பரீட்சைக்குத் தேவைப்படுவது வேறொன்று. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைப்பதுதான் வழி. அது நியாயமான ஆசை, நன்றாகவே நடக்கும் வேலையும்கூட. ஒழுங்குமுறை தெரிந்து செய்ய வேண்டும்.

சரி, புது லேப்டாப் கைக்கு வந்துவிட்டது. பில்லை ஒருமுறை பாருங்கள். "டாஸ்" என்று போட்டிருந்தால் அதில் பெரும்பாலும் ஃப்ரீடாஸ் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. விண்டோஸ் லைசென்ஸ் விலை சேராததால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அதில் உங்களுக்கு வேண்டியதை நேராகப் போட்டுக்கொள்ளலாம், இழக்க ஒன்றும் இல்லை. விண்டோஸ் 11 போட்டே வந்திருந்தால்தான் நிதானம் தேவை.

முதல் நிதானம், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் விஷயத்தில். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருந்தாக வேண்டும் என்று அப்போதே நிபந்தனை வைத்தார்கள். அந்தச் சிப் இருப்பதால், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. யாரும் கேட்பதில்லை, பலருக்குத் தெரிவதும் இல்லை. சாவி டிபிஎம் சிப்பிடம் இருக்கும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் பூட்லோடரைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் எப்படி இருக்கிறது, எந்தச் சான்றிதழை நம்பி பூட் நடக்கிறது என்று சிப் அளந்து பார்க்கும். நேற்று இருந்தது போலவே இன்றும் இருந்தால் சாவியைக் கொடுக்கும். ஏதாவது மாறியிருந்தால் கொடுக்காது. யாரோ திருடன் கை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளும். அப்போதுதான் அந்த நீலத் திரை வந்து 48 இலக்கம் கேட்கும். 6 இலக்கமாக 8 தொகுதி. அந்த எண்ணின் நகல் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய சிக்கல். லேப்டாப் வாங்கும்போது கடைப் பையன் "நானே செட்டப் பண்ணித் தர்றேங்க" என்று ஒரு ஈமெயில் போட்டுத் திறந்து கொடுத்துவிடுவான். யாருடைய ஈமெயில்? சில நேரம் அவனுடையது, சில நேரம் அப்போதைக்கு உருவாக்கியது. பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கீ அந்த அக்கவுண்டில் போய் உட்கார்ந்திருக்கும். உதவியாக நினைத்துத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரு வருடம் கழித்து அந்த உதவி ஒரு மாணவியின் மொத்தக் கோப்பையும் பூட்டி வைத்துவிடும். அதனால் புது லேப்டாப்பைத் திறப்பது உங்கள் கையால், உங்கள் ஈமெயிலால் நடக்கட்டும். நடந்ததும் முதல் வேலையாக ரெக்கவரி கீயை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் இடம் ஒதுக்குவது. லினக்ஸுக்கு வேண்டிய இடத்தை விண்டோஸுக்குள்ளேயே, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ச் சுருக்கி எடுங்கள். பூட்டப்பட்ட பார்ட்டிஷனை லினக்ஸ் இன்ஸ்டாலரால் சுருக்க முடியாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும் வரை நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது. அதன் கெர்னல் டிஸ்க்கில் உறைந்து கிடக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும்.

இன்ஸ்டால் செய்வதற்கான பென்டிரைவ் தயாரிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கான மென்பொருள்களில் ரூஃபஸ், வென்டாய் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஒரு சிறு விஷயம் மட்டும். ஃபேட்32ல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை வைக்க முடியாது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் இருக்கும் பெரிய கோப்பு அதைத் தாண்டிவிடும். அதனால் வெறுமனே காப்பி செய்து போட்ட பென்டிரைவ் பாதியில் மக்கர் செய்யும். பழைய பயாஸ் முறையில் தயாரித்த பென்டிரைவும் புது லேப்டாப்பில் தெரியாது. ஜிபிடி (புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணை), யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுத்துத் தயாரியுங்கள்.

இனி, புது லேப்டாப்பில் பலரைக் கலங்கவைக்கும் இடத்துக்கு வருகிறேன். இன்ஸ்டாலர் ஓடுகிறது, மொழி கேட்கிறது, எங்கே போட வேண்டும் என்று கேட்கிறது, டிஸ்க் பட்டியல் காலி. எஸ்எஸ்டியே இல்லை என்கிறது. "எஸ்எஸ்டி போயிருச்சு, மாத்தணும்" என்று சொல்லிக் காசு வாங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். நல்ல எஸ்எஸ்டி அது.

நடப்பது இதுதான். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை லேப்டாப்களிலிருந்து வி.எம்.டி. என்ற அமைப்பு பரவலாக வந்தது. எஸ்எஸ்டி நேராக வெளியே தெரியாமல் இந்த அமைப்பின் பின்னால் நிற்கும். பல எஸ்எஸ்டிகளைச் சேர்த்துக் கட்டி ஆள்வதற்காக வந்த ஏற்பாடு, ஒரே எஸ்எஸ்டி இருக்கும் மாணவர் லேப்டாப்பில் அதற்கு வேலை இல்லை. ஆனால் பல கம்பெனிகள் அதை ஆன் செய்தே அனுப்புகின்றன. விண்டோஸ் இன்ஸ்டாலரில் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் தெரியாது. இதற்கு மருந்து, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டுக்கொண்டு, இன்ஸ்டாலரில் "லோட் டிரைவர்" கொடுத்துக் காட்டுவது. காட்டிய உடனே டிஸ்க் பளிச்சென்று பட்டியலில் வந்து நிற்கும்.

டிஸ்க் காலியாக இருந்தால் பயாஸில் வி.எம்.டி.யையே அணைத்துவிட்டுப் போடலாம், அதுவும் சரிதான். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் அதை அப்படியே அணைக்கக் கூடாது. விண்டோஸ் எழும்போது பழைய வழியாகத்தான் டிஸ்க்கைத் தேடும். வழி மாறியிருந்தால் பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நீலத் திரையில் விழுந்துவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு வரிசை இருக்கிறது. பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்து, விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில், அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும், எழும்படி குறித்து வை, அப்புறம் பயாஸில் மாற்று. சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் புது வழிக்கான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் குறியை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். கால் மணி நேர வேலை.

பார்ட்டிஷன் பிரிக்கும் திரையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முன்னால் சொன்ன அந்தச் சிறிய இஎஸ்பி பார்ட்டிஷன் பட்டியலில் தெரியும். லினக்ஸுக்கும் அதையே பயன்படுத்தலாம். தனி ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். ஆனால் அதன் பக்கத்தில் இருக்கும் ஃபார்மேட் என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டால் விண்டோஸின் அறையும் சேர்ந்து அழியும். இரண்டு முறை பார்த்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்துங்கள். அப்படியே அழிந்துவிட்டாலும் பதற வேண்டாம். விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிசிடிபூட் என்ற கட்டளையை ஓடவிட்டால் அந்த அறையைத் திரும்பக் கட்டித் தரும்.

செக்யூர் பூட் பற்றி நிறையத் தவறான அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திப் பர்மிட் பார்ப்பதுபோல, பூட்லோடரில் நம்பகமான கையெழுத்து இருக்கிறதா என்று ஃபர்ம்வேர் பார்க்கிறது. கையெழுத்து இருந்தால் விடும், இல்லாவிட்டால் நிறுத்தும். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது, அதைப் போட்டு விற்ற புது லேப்டாப்களில் இது பரவலாக வந்தது. இனி லினக்ஸே போட முடியாது என்று அப்போது பலர் பயந்தார்கள். மேத்யூ கேரட் போன்றவர்கள் ஷிம் என்ற சிறிய முதல்நிலைப் பூட்லோடரை உருவாக்கி, அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்தை வாங்கி, அந்த வாசலைத் திறந்து வைத்தார்கள். ஷிம் வந்து நின்று, தனக்குத் தெரிந்த கிரப் என்ற லினக்ஸ் பூட்லோடரை உள்ளே விடும். கிரப் கெர்னலை எழுப்பும். அதனால் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எதற்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே இல்லை. "லினக்ஸ் போடணுமா, முதல்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு" என்பது பத்து வருடத்துக்கு முந்தைய அறிவுரை. இன்றைக்கு அதைக் கேட்டு நடந்தால் பிட்லாக்கர் கதவடைத்துவிடும்.

செக்போஸ்ட்டில் சட்டம் மாறும் நாட்களும் உண்டு. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறை உள்ள பழைய பூட்லோடர்களை ஒதுக்கும் பட்டியலைப் புதுப்பித்தது. இரண்டு ஓ.எஸ். இருக்கும் லேப்டாப்களைத் தொடாது என்று சொல்லப்பட்டது, ஆனால் தொட்டுவிட்டது. உலகம் முழுக்கப் பலருக்கு லினக்ஸ் பக்கம் "ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது" என்று ஒரு வரி காட்டி நின்றது. தற்காலிகமாகச் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை நீக்கி, திரும்ப ஆன் செய்வதுதான் அப்போது வழியாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டின் அடித்தளமாக இருந்த 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குவதாக வைத்திருந்தார்கள். அவற்றின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள். விண்டோஸ் அப்டேட், லேப்டாப் கம்பெனியின் பயாஸ் அப்டேட் இரண்டையும் தள்ளிப் போடாமல் செய்துகொண்டால் இந்த மாற்றம் ஓசையில்லாமல் நடந்துவிடும். பயாஸ் அப்டேட் செய்யும்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியும் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

இனி, கோளாறு வந்துவிட்ட லேப்டாப்பின் திரையை எப்படிப் படிப்பது. பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் முதலில் பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விலாசம்தான் தொலைந்திருக்கிறது. எஃப்12 போன்ற பட்டனில் பூட் மெனு வரும். அதில் விண்டோஸ் பூட் மேனேஜரோ உபுண்டுவோ இருந்தால் தேர்ந்தெடுத்தாலே எழுந்துவிடும். பெயரே தெரியவில்லை என்றால்தான் எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதும், போய்விட்டதா என்று சோதிப்பதும்.

கிரப் ரெஸ்க்யூ என்று கறுப்புத் திரையில் ஒரு வரி நின்றால், பெரும்பாலும் கதை ஒன்றுதான். இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள்ளிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்திருப்பார்கள். இஎஸ்பியில் கிரப்பின் முதல் துண்டு மட்டும் மிச்சம் இருக்கும்; அது தன் மீதியைத் தேடிக் காணாமல் தவிக்கும். விண்டோஸ் பத்திரமாக இருக்கும், பூட் வரிசையில் அதை மேலே ஏற்றினால் போதும். லினக்ஸை அழிக்காமல் பார்ட்டிஷன் எண் மட்டும் மாறியிருந்தால், அந்தத் திரையிலேயே எல்எஸ் என்ற கட்டளை கொடுத்து ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் தேடி, எங்கே பூட் ஃபோல்டர் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்து எழுப்பலாம். எழுந்ததும் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறையும் அதே இடத்தில் நிற்கும்.

லினக்ஸ் பாதி வரை வந்து இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றால், அது பேட்டரி செத்த லேப்டாப்களில் கரண்ட் போகும்போது அதிகம் வரும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்புக் கணக்கு பாதியில் நின்றிருக்கிறது. அதைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை அந்தப் பார்ட்டிஷன் மேல் ஓட்டினால் கணக்கை நேர் செய்துகொண்டு எழும். ஆனால் இதே திரை வாரத்துக்கு இரண்டு முறை வந்தால் சந்தேகம் எஸ்எஸ்டி மேல் போக வேண்டும். அப்போது ரிப்பேரை விட்டுவிட்டு, லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள்.

இரண்டு ஓ.எஸ். உள்ள லேப்டாப்பில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனதும் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளி நிற்கும். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். விண்டோஸ் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் கிரீன்விச் நேரம் என்று நினைத்துப் படிக்கும். இந்திய நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால் அந்த வித்தியாசம். உள்ளூர் நேரமாகவே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் ஒரு கட்டளையில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

அந்தப் பெண்ணின் லேப்டாப்புக்கு வருகிறேன். யார் உபுண்டு போட்டது என்று கேட்டேன். ஹாஸ்டல் தோழி ஒருத்தியும் இவளும் சேர்ந்து போட்டிருக்கிறார்கள். விண்டோஸுக்குள்ளேயே இடத்தைச் சுருக்கியிருந்தார்கள், இஎஸ்பியில் டிக் போடவில்லை; நல்ல வேலை. ஒரு வீடியோவைப் பார்த்து செக்யூர் பூட்டை அணைத்ததும், டிஸ்க் தெரியாமல் போகவே வி.எம்.டி.யை அணைத்ததும்தான் இடறிய இடம்.

"கீ யாருகிட்ட இருக்கு?"

"தெரியாதுண்ணா. வாங்கின கடையிலதான் லாகின் போட்டுக் கொடுத்தாங்க."

பயாஸுக்குள் போனேன். செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தேன். வி.எம்.டி.யையும் பழையபடி ஆக்கினேன். டிபிஎம் சிப் அளக்கும்போது எல்லாம் பழையபடி இருந்தால் கீ கேட்காமல் கதவைத் திறந்துவிடும். டிபிஎம்மை மட்டும் கிளியர் செய்துவிடக் கூடாது. செய்தால் சாவி அதோடு போகும். ஃபார்மேட் போடச் சொன்ன அந்தக் கடையில் நல்லவேளையாக யாரும் அதைத் தொடவில்லை. பூட் மெனுவைத் திறந்து விண்டோஸ் பூட் மேனேஜரை நேராகத் தேர்ந்தெடுத்தேன். கிரப் வழியாகப் போனால் சில லேப்டாப்களில் சிப்பின் அளவு மாறிப்போய் மறுபடி கீ கேட்கும், அதனால் இந்த வழி.

புள்ளிகள் சுற்றின. கரண்ட் ஒருமுறை போய் வந்தது, லேப்டாப் பேட்டரியில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. லாகின் திரை வந்தது. அந்தப் பெண் தன் பின் நம்பரைப் போட்டாள். டெஸ்க்டாப்பில் ஃபோல்டர்கள் வரிசையாக அப்படியே இருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவளுடைய ஈமெயிலில் அக்கவுண்டை மாற்றினோம். அப்புறம் பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டு, சேஃப் மோட் வழியாக வி.எம்.டி.யை முறைப்படி அணைத்தோம். உபுண்டுவும் செக்யூர் பூட் ஆனிலேயே எழுந்தது. பிட்லாக்கரைத் திரும்ப ஓடவிட்டு, ரெக்கவரி கீயைத் திரையில் வரவழைத்து, அவளையே ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் அவள் இலக்கங்களைச் சத்தமாக வாசித்தாள், நான் திரையோடு ஒத்துப் பார்த்தேன். 6, 6 ஆக 8 தொகுதி.

அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்து, கார்டுக்குப் பின்னால் செருகினார். "இது இங்கயே இருக்கட்டுங்க. வீட்டுல எல்லாத்துக்கும் இதைத்தான் தேடுவோம்" என்றார்.